நூற்று இருபத்தேழுக்கு மேலே

அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அதனால் எனக்கு டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ், ஓர் இன்ஜினியரிங் பட்டம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, இவை தானாகவே கிடைத்தன. வேலைதான் கிடைக்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜாவாவில் எண்ணுக்கும் அந்தஸ்து பார்ப்பார்கள். இன்ட் என்பது வெறும் எண். அதைப் பட்டியலுக்குள் விடமாட்டார்கள். இன்டிஜர் என்று ஓர் உறை போட்டு, அதையும் ஒரு பொருளாக்கினால்தான் உள்ளே இடம். "உறையை ஜாவாவே போட்டுக்கும், நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்வேன். நானும் கவலைப்பட்டதில்லை.

சுரங்கத்துக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் வருகைப்பதிவு புரோகிராம் கேட்டார். கார்டைக் காட்டினால் அதன் டோக்கன் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றிலிருந்து பத்து வரை போட்டுச் சோதித்தேன். பத்தும் சரி. உலகத்தில் அதற்கு மேல் எண் இருப்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் காலை ஷிப்டுக்கு நானே கேட்டில் போய் நின்றேன், பெருமையாக. பழைய ஆட்கள் கார்டைக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நடுநடுவே சிலருக்கு மட்டும் 'பொருந்தவில்லை' என்று திரையில் வந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அசரவே இல்லை. அவர்கள் எல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஒருத்தர் கார்டில் இன்னொருத்தர் வருவார், உங்கள் புரோகிராம் சரியாகப் பிடித்துவிட்டது என்று என் முதுகில் தட்டினார். எனக்குப் புல்லரித்தது.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா மட்டும் நகரவில்லை. டோக்கன் நூற்று நாற்பத்தொன்று.

"என் கார்டுதாங்க. போட்டோவப் பாருங்க. நானேதான நின்னுகினு இருக்கேன்."

போட்டோ இருந்தது. அதே முகம் எதிரிலும் இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திருட்டுக் கார்டு என்றார். அன்றைக்கு முப்பது பேர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து புரோகிராமைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நூற்று இருபத்தேழு வரையிலான எண்களுக்கு ஜாவா ஆளுக்கொரு உறையைத் தயாராக வைத்திருக்கிறது. எப்போது கேட்டாலும் அதே உறைதான். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் புது உறை. நான் போட்டிருந்த இரட்டைச் சமக்குறி, இரண்டும் ஒரே உறையா என்றுதான் பார்க்கும். உள்ளே இருக்கும் எண்ணை எட்டிக்கூடப் பார்க்காது. பெரிய எண்ணெல்லாம் புது ஆட்களுடையது. அதை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கும் ஈக்வல்ஸ் என்ற ஒரு சொல்லைப் போட்டேன், சரியாகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. புரோகிராம் வேறு யாரைத் தடுத்திருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்போம். புது கான்ட்ராக்ட் ஆட்களைத் தடுத்ததால் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது, எழுதிய எனக்கும்கூட.

சூப்பர்வைசரிடம் தனியாகச் சொன்னேன். இனிமேல் உள்ளே விட்டுவிடுவோம், அதுபோதும், பேச்சை வளர்க்க வேண்டாம் என்றார். அதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்த அக்கா வரிசையில் வந்தார். கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் எதிரில் நின்றார்.

"நேத்து எல்லார் எதிர்லயும் திருட்டுக் கார்டுன்னீங்க. இல்லன்னு சொல்லுங்க, உள்ள போறேன்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டத்துல சின்னக் கோளாறுக்கா" என்றேன்.

"அந்த சிஸ்டத்த எழுதுனது யாருங்க?"

பின்னால் வரிசை அசையாமல் நின்றது.

"நான்தான்க்கா."

"அவங்களுக்குக் கேக்கல" என்றார் அவர். "நேத்து இவரு சொன்ன அளவுக்கு சத்தமா சொல்லுங்க."