நீலச் சமையலறையும் என் முதுகும்

நான் சமையலறைக்குள் போனது ஆசைப்பட்டு அல்ல. இருபத்து நாலு வருஷம் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டினேன். ஒரு சீசனில், ஏரிக்கரையில் பயணிகளை இறக்கிவிட்ட பிறகு, என்னால் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், டிஸ்க் நகர்ந்திருக்கிறது, இனி மலைப்பாதையில் வண்டி ஓட்டினால் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். வண்டியை விற்றேன்.

என் மனைவி ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள், டூட்டி முடிந்து களைத்து வருகிறவளிடம் எத்தனை நாள் தட்டை நீட்ட முடியும்? முதலில் சோறு மட்டும் வடித்தேன். பிறகு ரசம், பிறகு குழம்பு. ஒரு வருஷத்தில் அடுப்படி முழுக்க என் பொறுப்பாகிவிட்டது. கோயம்புத்தூரில் படிக்கிற மகள் லீவுக்கு வந்தால், இன்றைக்கு என்ன சாப்பாடு என்று என்னிடம்தான் கேட்பாள்.

ஆனால் அந்த அடுப்படி மனுஷன் நிற்கிற இடமாக இல்லை. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. சமையலறையின் பின்சுவர் மண்ணை ஒட்டி நிற்பதால் வருஷம் முழுக்க ஈரம். சுண்ணாம்பு பெயர்ந்து பொரிப் பொரியாக உதிரும். இருக்கிற ஒரே ஜன்னல் வழியாகப் பதினொரு மணிக்கே மூடுபனி உள்ளே வந்துவிடும். இடித்துக் கட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கட்டும்போது கதவுகள் எல்லாம் நீலமாக இருக்க வேண்டும், மேடையும் தரையும் பிரவுன் நிறத்தில் வேண்டும் என்றும் சொன்னேன்.

அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வட்டக்கானல் பக்கம் ஒரு காட்டேஜுக்குச் சவாரி போனபோது மழை பிடித்துக்கொண்டது. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவனை அந்த வீட்டம்மா உள்ளே கூப்பிட்டுச் சமையலறையில் டீ கொடுத்தார். அடர்ந்த நீலத்தில் கபோர்டுகள், தேன் நிற மரத்தில் மேடை. வெளியே ஒன்றும் தெரியாமல் பனி மூடிக் கிடந்தது. உள்ளே கம்பளிக்குள் இருப்பது போல இருந்தது. அனுமதி கேட்டு போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் வார்டு கதவும் இதே நீலம்தான், நாள் பூராவும் அதைத் திறந்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்கணுமா என்று கேட்டாள். வார்டு கதவு வெளிர் நீலம், இது வேறு என்று நான் வாதாடினேன். கடைசியில், "நிக்கப் போறது நீங்க. உங்களுக்குப் புடிச்சதைப் போடுங்க," என்று விட்டுவிட்டாள்.

மதுரைக்குப் போய் ஒரு பெரிய கடையில் சமையலறை டிசைன் கேட்டோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள், ஆனால் என் மனைவியிடம் மட்டும். மிக்ஸி எங்கே வைப்பீர்கள் மேடம், மசாலா டப்பா எத்தனை மேடம், சிங்க் ஜன்னல் பக்கமா மேடம். மனைவி ஒவ்வொரு முறையும் அவரைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அவளிடமே போனாள். என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, பட்ஜெட் சார்? எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல், கபோர்டு கதவில் ஒட்டுகிற மைக்கா ஷீட்டுகளைப் புரட்டி, படத்தில் இருந்தது போலவே ஒரு நீலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தேன்.

ஷீட்டுகள் மலையேறி வர இரண்டு வாரம் ஆனது. முதலில் லாரி கிடைக்கவில்லை, பிறகு பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பாதையை மூடிவிட்டார்கள். வந்து சேர்ந்த அன்று மத்தியானம் நானும் கபோர்டு செய்ய வந்த தச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு ஷீட்டை ஜன்னல் ஓரமாக நிறுத்தினோம். நீலமே இல்லை. மழையில் நனைந்த சிமெண்ட் மூட்டையின் நிறம். தப்பான சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று கடைக்குப் போன் போடப் போனேன்.

தச்சர் தடுத்தார். "சரக்கு சரிதாண்ணே. நீங்க கீழ வெயில்ல பாத்தீங்க. இங்க மிஸ்ட் எறங்குச்சுன்னா எல்லாம் சாம்பலாத்தான் தெரியும்."

மறுநாள் காலை ஒன்பது மணி வெயிலில் பார்த்தோம். அழகான நீலம். பதினொரு மணிக்கு மேல் மறுபடி சிமெண்ட் மூட்டை. நான் சமையலறையில் அதிகம் நிற்பது பதினொரு மணிக்கு மேல்தான்.

ஷீட்டைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என் சிக்கலைச் சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். போனில் இருந்த படத்தைப் பார்த்தார், ஜன்னல் எந்தத் திசை என்று விசாரித்தார். கொஞ்சம் பச்சை கலந்தால் இந்த ஊர் வெளிச்சத்துக்கு நீலம் நிற்கும் என்று சொல்லி மூன்று சின்ன டப்பாக்களில் மூன்று விதமாகக் கலக்கிக் கொடுத்தார். துண்டுப் பலகையில் பூசிப் பார்த்து இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். மைக்காவை விட்டுவிட்டு, பிளைவுட்டில் நேராகப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவானது. அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அதற்குள் கொத்தனார் பழைய சுவர்களை இடித்துவிட்டு மேடை கட்டும் கட்டத்துக்கு வந்திருந்தார். இந்த நேரத்தில் லீவு முடிந்து மகளைக் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பழனி வழியாக பஸ். இரண்டு நாள் கழித்து, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன்.

மேடை கட்டி முடிந்திருந்தது. மேலே பிரவுன் கிரானைட் பதித்து, ஈரத்துணியால் துடைத்தும் வைத்திருந்தார்கள். நிறம் எல்லாம் நான் கேட்டதுதான். கிட்டே போய் நின்றேன். மேடை என் தொடைக்கு இருந்தது.

நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அந்த மேடையில் கத்தரிக்காய் நறுக்க வேண்டுமென்றால் நான் கூன் போட்டுத்தான் நிற்க வேண்டும். பழைய மேடை தாழ்வு, அதில் குனிந்து குனிந்து வலி கூடுகிறது என்பதற்காகத்தான் இடிக்கவே சொன்னேன்.

கொத்தனார் பெருமையோடு வந்து நின்றார். இது யார் சொன்ன உயரம் என்று கேட்டேன். "அக்காவ நிக்க வச்சு அளந்தேண்ணே," என்றார். "அவுகதான நின்னு வேலை பாக்கணும். கை நோகக் கூடாதுல்ல." சுவரில் பென்சிலால் போட்ட கோட்டையும் காட்டினார். என் மனைவி உயரம் ஐந்தடிகூட இல்லை.

அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு அக்கறையாகத் தப்பு செய்திருந்தார். சரி, நாளைக்குப் பேசுவோம் என்று அனுப்பிவிட்டு, கோபத்தை எல்லாம் மனைவி டூட்டி முடிந்து வரும்வரை சேர்த்து வைத்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். ஒருத்தன் வந்து நில்லு என்று சொன்னால் எதற்கு என்று கேட்க மாட்டாயா, என் முதுகைப் பற்றி இந்த வீட்டில் யாருக்காவது நினைப்பு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது, சுவரோரமாகச் செத்த நேரம் நில்லுங்கக்கா என்றார், நின்றேன், அலமாரிக்கு அளக்கிறார் என்று நினைத்தேன் என்றாள். அது எனக்குப் போதவில்லை. இன்னும் கத்தினேன். அவள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"சமைக்கிறது நீங்கதான்னு கொத்தனார்ட்ட நீங்க சொன்னீங்களா?"

நான் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினேன்.

"டாக்ஸி ஸ்டாண்டுலருந்து ஆளு வந்தா கரண்டியப் போட்டுட்டு டிவி முன்னாடி போயி உக்காந்துக்கிறீங்க. குழம்பு நல்லா இருக்குன்னு அவுக சொன்னா, அவ வச்சதுங்கிறீங்க. மதுரைக் கடையில அந்தப் புள்ள கேக்குறப்பவும் சும்மாதான இருந்தீங்க. பெறகு கொத்தனாருக்கு எப்படிங்க தெரியும்?"

அவள் சத்தம் போடவில்லை. நோயாளியின் சார்ட்டைப் படிக்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அவள் சொன்னது எல்லாம் நடந்ததுதான். போன தீபாவளிக்கு வந்த என் மச்சானிடம்கூட மட்டன் குழம்பு அவள் வைத்தது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அன்றைக்கு முழுக்க டூட்டியில் இருந்தாள். மச்சான் அவளுக்குப் போன் போட்டுப் பாராட்டினார். அவளும் நன்றி சொல்லிவிட்டு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாள்.

மறுநாள் கொத்தனாரும், கல் மண் எடுத்துக் கொடுக்கும் சித்தாள் அம்மாவும் வந்தார்கள். மேடையை உயர்த்த வேண்டும் என்று சொன்னேன். எதுக்குண்ணே, அக்காவுக்கு எட்டாதே என்றார் அவர். அப்போதுகூட, டிசைன் அப்படி, கடைக்காரர்கள் சொன்னார்கள் என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது.

"இந்த வீட்டுல சமைக்கிறது நான்தான்," என்றேன். "தெனமும் நான்தான்."

கொத்தனார் மட்டப்பலகையை எடுத்து மேடை மேல் வைத்துப் பார்த்தார். பிறகு, "இத வெள்ளனே சொல்லிருக்கலாம்லண்ணே. கல்லு ஒட்டிருச்சே," என்றார். அவருக்கு இருந்த கவலை அது மட்டும்தான். சித்தாள் அம்மா தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே, கத்தரிக்காய்க்குப் புளி முதலில் விடுவேனா கடைசியிலா என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். கடைசியில் என்று சொன்னேன். முதலில் விட்டுப் பாருங்கள் என்றார். இதற்காகவா இத்தனை வருஷம் டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

என்னைச் சுவரோரமாக நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லிப் புதுக் கோடு போட்டார். கிரானைட்டை நெம்பி எடுத்தபோது அடுப்பு வைக்கிற இடத்தில் குறுக்காக உடைந்தது. அதே நிறத்தில் வேறு கல் வத்தலக்குண்டிலும் இல்லை, திண்டுக்கல்லிலும் இல்லை. உடைந்ததையே சேர்த்துப் பசை போட்டு ஒட்டினார்கள். இப்போதும் பால் பொங்கினால் அந்தக் கோட்டில்தான் போய் இறங்கும். தினமும் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்க்கிறேன்.

அது போதாதென்று, தாழ்ந்த மேடையை அளந்துகொண்டு போன தச்சர் கதவுகளை எல்லாம் வெட்டி முடித்திருந்தார். பொருத்திப் பார்த்தால் கீழே அரை அடிக்கு இடைவெளி, எலி குடும்பத்தோடு குடியேறலாம். புதுப் பிளைவுட் வாங்க எனக்குத் தெம்பில்லை. பட்டறையில் கிடந்த தேக்குப் பலகையைக் கீற்றாக அறுத்து, அடியில் ஓடவிட்டு, வார்னிஷ் மட்டும் அடித்தார். நீலத்துக்குக் கீழே பழுப்பாக ஒரு பட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் நல்ல ஐடியா என்கிறார்கள். நானும் தலையாட்டிவிடுகிறேன்.

பிறகு பெயிண்ட். மழை நாள் ஆரம்பித்துவிட்டதால் அடித்தது காயவே இல்லை. நாலாம் நாளும் விரல் வைத்தால் ஒட்டியது. விட்டில் பூச்சி ஒன்று ஒரு கதவில் சிறகு விரித்தபடியே ஒட்டிச் செத்துப் போனது. பிய்த்தால் பெயிண்டும் வந்தது. கதவுகளைக் கழற்றி ஹாலில் அடுக்கி, ஹீட்டர் போட்டு, ஒரு வாரம் நாங்கள் கதவுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தோம். வீடெல்லாம் டர்பன்டைன் வாடை. இதுக்கு ஆஸ்பத்திரி வாசமே நல்லா இருக்கு என்றாள் அவள். அந்த வாரம் முழுக்க பரோட்டாக் கடையில்தான் சாப்பாடு.

இப்போது எல்லாம் பொருத்தியாகிவிட்டது. மத்தியானப் பனியிலும் நீலம் நீலமாகத்தான் இருக்கிறது, பாய் சொன்னபடி. ஆனால் பல்பு போட்டால் பச்சையடிக்கிறது. சிங்குக்குக் கீழே இருக்கிற கதவு ஈரத்தில் ஊதி, முழங்காலால் தள்ளினால்தான் மூடுகிறது. நான் மனதில் வைத்திருந்தது இது இல்லை. சமைக்கும்போது முதுகு வலிக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன மாதம் குளிரில் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அவள் லீவு போட்டுச் சமைத்தாள். மேடை அவளுக்கு எட்டவில்லை. குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறி நின்றாள். உப்பு டப்பா எங்கே என்று ஒரு தரம், கடுகு எங்கே என்று ஒரு தரம், அதையெல்லாம் எந்த மனுஷன் இப்படி உச்சியில் வைப்பான் என்று ஒரு தரம். படுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் போல எரிச்சலாக இருந்தது, முடியவில்லை.

சாம்பார் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு கொஞ்சம் கூட இருந்தது. எப்படி இருக்கு என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.