ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்குவது

கஞ்சிக்கோட்டில் வேலை முடித்து எலப்புள்ளி வீட்டுக்குச் சைக்கிளில் வரும் என் மகளின் கால்சட்டையில் மீன் நாற்றம் அடிக்கும். லாரிகள் நெடுஞ்சாலை முழுக்க ஒழுகவிட்டுப் போகும் ஐஸ் தண்ணீர் அது. முன்னால் போகிற சக்கரம் வாரியடித்து முழங்கால் வரை தெளித்திருக்கும். சில நாள் தோளில் பாக்கு எச்சில். பஸ் ஜன்னலில் இருந்து துப்புகிறவன் கீழே யாராவது போகிறார்களா என்று பார்ப்பதில்லை. வீட்டில் ஸ்கூட்டர் சும்மா நிற்கிறது. அவளுக்கு அந்த மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள்தான் வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு கண்டெய்னர் லாரி அவள் முழங்கையை உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. கட்டுப்போட்ட கையோடு வந்தவளிடம் சைக்கிளை விற்றுவிடு என்றேன். அன்று தொடங்கி தினமும் சொன்னேன். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நீங்க ஒருக்கா ஓட்டிப் பாருங்ம்மா. மூணாறுலிருந்து மறையூருக்கு முழுசா எறங்கிப் பாத்துட்டு, அப்பறமும் விக்கச் சொன்னீங்கன்னா வித்தர்றேன்."

ஒப்புக்கொண்டேன். எப்படியாவது அதை விற்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை.

எனக்கும் அதே மாதிரி ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வந்தாள். விடியற்காலையில் கால்வாய்க் கரைச் சாலையில் பழகினோம். சின்ன வயதில் பெரிய சைக்கிள் ஓட்டியவள்தான் நான். முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவாய் என்று சொல்லித்தான் எங்களை எல்லாம் வளர்த்தார்கள். அவளோ முன் பிரேக்தான் வண்டியை நிறுத்தும், பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும் என்றாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக்கை விட வேண்டும், குழியைப் பார்க்காமல் போகிற வழியைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் மெதுவாக வந்துவிட்டது. பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் காற்று காதில் இரையும்போது கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

வராதது ஒன்றுதான். பின்னால் ஹாரன் கேட்டால் எங்கள் பக்கத்தில் சைக்கிள்காரர்கள் மண்ணில் இறங்கி ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். வண்டி போன பிறகுதான் ரோட்டில் ஏறுவார்கள். அது பயமில்லை, மரியாதை. பள்ளிக்கூடத்துக்கு நான் அப்படித்தான் போனேன். பொம்பளைப் பிள்ளை இறங்காமல் போனால் திமிர் என்பார்கள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஓரத்துல போனீங்கன்னா எடமிருக்குதுன்னு உரசீட்டுப் போவான். மூணடி உள்ள தள்ளிப் போங்க. அவன் காத்திருந்து தாண்டட்டும்."

சரி என்பேன். அடுத்த ஹாரனுக்கு மண்ணில் நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் காரில் எங்களையும் சைக்கிள்களையும் மூணாறில் இறக்கிவிட்டு, மறையூரில் காத்திருப்பதாகச் சொல்லி முன்னால் போனார். மகள் முன்னே, நான் பின்னே. தேயிலைச் சரிவில் முதல் வளைவுகள் நன்றாகவே போயின. கண்ணில் நீர் வழிந்தது, கை மரத்துப்போனது, ஆனால் வண்டி நான் பார்த்த பக்கம் போனது. மகள் ஒரு வளைவுக்கு அப்பால் மறைந்தாள்.

அப்போதுதான் பின்னால் ஒரு டூரிஸ்ட் வேன், பாட்டுப் பாடுகிற மாதிரியான ஹாரனை நிறுத்தாமல் அடித்தது. யோசிக்கவே இல்லை, கை தானாக இடப்பக்கம் திருப்பிவிட்டது. தார் விளிம்பு அங்கே முழங்கால் ஆழத்துக்கு அரித்துப்போயிருந்தது. பின் பிரேக்கை மட்டும் இறுக்கினேன். சக்கரம் வழுக்க, சைக்கிளோடு ஓடைக்குள் போய் விழுந்தேன்.

அந்த ஓடையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சுற்றுலா வந்தவர்கள் வீசிய பிரியாணிப் பொட்டலங்கள் அதில் ஊறிக்கிடந்தன. பீர் பாட்டில்கள், பயன்படுத்திய டயப்பர்கள், யாரோ வாந்தி எடுத்துக் கட்டி எறிந்த பை. அந்தப் பை என் கைக்கடியில் உடைந்தது. வேன் மெதுவாகியது. உதவிக்கு இறங்குவார்கள் என்று நினைத்தேன். ஜன்னலில் இரண்டு போன்கள் நீண்டன.

"ஆன்ட்டி, ரேஸுக்குப் பேரு குடுத்திருக்கீங்களா?"

சிரித்தார்கள். அவர்கள் பேசியதும் நம் தமிழ்தான். ஒருவன் வாய் கொப்பளித்து ரோட்டில் துப்பினான். வேன் போய்விட்டது.

கொழுந்துச் செடிகளுக்கு நடுவிலிருந்து எஸ்டேட் பெண் ஒருத்தி இறங்கி வந்து கை கொடுத்தாள். என் ஷூவில் ஒட்டியிருந்ததைக் குச்சியால் தள்ளிவிட்டாள்.

"வாரா வாரம் அள்ளுதோம். மறுபடியும் போட்டுட்டுத்தான் போறானுவ," என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பஸ்ஸு ஓடுதுல்லா, இந்த வயசுல என்னத்துக்கு இத மிதிக்கீக?"

நான் சைக்கிளை ஓடையிலிருந்து இழுத்து நிமிர்த்தினேன்.

மகள் மேட்டில் ஏறித் திரும்பி வந்தாள். என் முழங்காலில் ரத்தம், சட்டை முழுக்க அந்தச் சாக்கடை. அவள் முகம் வெளுத்துவிட்டது. அருகில் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"போதுங்ம்மா. அப்பாவ வரச் சொல்றேன். நீங்க முழுசா எறங்க வேண்டாம். நான் வித்தர்றேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. மாதக்கணக்கில் இதற்குத்தான் நச்சரித்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் ரோட்டைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தாள். லாரி தள்ளிவிட்ட மறுவாரமே கட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டிப் போன பெண் அவள். அந்த வேன் கும்பல் வாய் கொப்பளித்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் போலவே அவர்களுக்கு வழிவிட்டு அவளும் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடையின் நாற்றத்தைவிட அது எனக்கு அசிங்கமாக இருந்தது.

"சங்கிலி கழண்டிருக்குது பாரு கண்ணு, மாட்டு," என்றேன்.

அப்பாவைக் கூப்பிட போனை எடுத்தவள் என்னைப் பார்த்தாள். போனை உள்ளே வைத்துவிட்டுச் சங்கிலியை மாட்டினாள்.

இந்த முறை நான் முன்னால், அவள் பின்னால். முழங்கால் எரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்தேன், பயந்து பயந்துதான் பிடித்தேன். தேயிலை முடிந்து காற்று வெப்பமாக மாறுகிற இடத்தில் ஒரு ஜீப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. உடம்பு முழுக்க இடப்பக்கம் இழுத்தது. நான் போகவில்லை. மூணடி உள்ளேயே ஓட்டினேன். தைரியம் ஒன்றும் இல்லை. இவர்களுக்காக இன்னொரு தடவை சாக்கடையில் இறங்க முடியாது என்கிற அருவருப்பு மட்டுமே இருந்தது. ஜீப் வளைவு முடியும்வரை பின்னாலேயே வந்தது. தாண்டும்போது டிரைவர் எட்டிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். எழுதத் தகாதது.

மறையூரில் கார் பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். என் கோலத்தைப் பார்த்து, சைக்கிள்களைக் கட்டுவதற்கு எடுத்த கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடையோரக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னொரு தடவை கழுவினேன். இன்று இதை எழுதும்போதும் அந்த ஹாரன் கேட்கிறது. நாளைக்கு அவள் கஞ்சிக்கோட்டுக்குக் கிளம்பினால், திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

மகள் துண்டை நீட்டினாள்.

"முழுசா எறங்கீட்டீங்க. இப்ப சொல்லுங்க, விக்கட்டுங்களா?"

"நாம எதுக்கு விக்கோணும்? அவனுக விக்கட்டும் அவனுக வண்டிய."