மூன்று நட்சத்திரக் கைடு

மானகிரி கோட்டைச்சாமிக்குக் கணக்கு வராது. ஒரேயடியாக வராது என்று சொன்னால் பாவம் வந்து சேரும். x தனியாக வந்தால் ஒரு கை பார்த்துவிடுவார். y-யையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அவருக்குக் கண்ணைக் கட்டும். z-ம் சேர்ந்தால் தலைவலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவார். இப்பேர்ப்பட்டவர்தான் பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகளுக்குப் பல மாறிகள் உள்ள நுண்கணிதத்தில் கைடு எழுதி, காரைக்குடிக் கடைத்தெருவில் ‘கோட்டைச்சாமி கைடு’ என்று பேர் வாங்கினார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

வெள்ளாமைக் குடும்பத்தில் எம்.ஏ. வரை ஏறிய முதல் ஆள் அவர். மூன்று முறை எழுதித்தான் ஏறினார்; அதை வீட்டில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. 1964-இல் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் டியூட்டர் வேலை கிடைத்ததும், ‘எங்க வீட்டு காலேஜ் வாத்தியாரு’ என்று அவர் அக்காள் புஷ்பவள்ளி சந்தைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

வகுப்பில் அவர் முகத்தைவிட முதுகைப் பார்த்தவர்களே அதிகம். பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இருப்பதைக் கரும்பலகையில் இறக்கிவைப்பார். யாராவது எழுந்து, “சார், இது எப்படி வந்துச்சு?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உக்காரு.” அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனிதர் ஏழு வருஷம் உத்தியோகம் பார்த்தார்.

படிக்க வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேற்பரப்பு என்றால் என்ன, அதன் சரிவை ஏன் இரண்டு பக்கமாக அளக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது. எது வரும், எதை நெட்டுருப் போடலாம், அவ்வளவுதான் வேண்டும். கொள்வாரும் கொடுப்பாரும் நன்றாகப் பொருந்திப் போனார்கள். 1967-இல் ரோஸ் அட்டை போட்ட கைடு வெளிவந்தது. ‘அனுபவமிக்க பேராசிரியர்’ என்று தமக்குத் தாமே பட்டம் கட்டிக்கொண்டார். விடைகளெல்லாம் பாடநூலிலிருந்து எடுத்தவை. பாடநூல்காரர் ‘இதை எளிதில் காணலாம்’ என்று தாண்டிப் போன இடத்தில் இவரும் ‘எளிதில் காணலாம்’ என்று தாண்டினார். என்ன காண வேண்டும் என்று இவருக்குத் தெரியாது.

அச்சடித்த அழகு தனி. பகுதி வகையீட்டுக்கென்று வளைந்த ஒரு ‘டி’ உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் அந்த எழுத்துக்கு எங்கே போவது? பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதானே என்று அச்சுக்கோப்பவர் ஆறாம் எண்ணை எடுத்துப் போட்டுவிட்டார். ‘இந்நூலில் காணும் 6 என்பது...’ என்று முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கைடு வாங்குகிறவன் எந்தக் காலத்தில் முதல் பக்கத்தைப் படித்தான்? மேலே ஒரு ஆறு, கீழே ஒரு ஆறு. இரண்டையும் அடித்துவிட்டு மிச்சத்தை விடை என்று எழுதி வைத்தார்கள் சிலர். இதைச் சொன்னபோது கோட்டைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மாட்டுக்குப் பொறந்தவனுங்க” என்றார்.

ஆனால் கைடு விற்றது விடைக்காக இல்லை, நட்சத்திரத்துக்காக. கட்டாயம் வரும் என்ற கேள்விக்கு மூன்று நட்சத்திரம். வரவே வராது என்ற பாடத்தின் தலையில் ஒரு பெருக்கல் குறி. முதல் இரண்டு வருஷமும் அது பலித்தது. பல்கலைக்கழகத்தில் அவருக்கு யாரோ ஆள் இருப்பதாகப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். ஆள் இருந்தது உண்மை. அவர் இருந்த இடம் மட்டும் வேறு: மானகிரி எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பர்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோட்டைச்சாமி கோயிலுக்குப் போவார். வெள்ளை நந்தியாவட்டையையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, கருப்பர் காலடியில் போட்டு, பூசாரியைக் கண்ணை மூடி ஒன்றை எடுக்கச் சொல்வார். பெண் பார்க்க, கிணறு வெட்ட, மாடு பிடிக்க என்று ஊரே இப்படிப் பூக்கட்டிப் பார்க்கிறதுதான். நுண்கணிதத்துக்குப் பார்த்தவர் இவர் ஒருத்தர்தான். வெள்ளை வந்தால் பாடத்தை விட்டுவிடலாம், சிவப்பு வந்தால் நட்சத்திரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்குப் பேராசிரியர் பட்டம் கிடைத்தது.

1971-இல் இது வெறும் சிரிப்பாகப் போயிருக்கலாம். அழகி என்ற பெண் குறுக்கே வந்தாள்.

அழகி புஷ்பவள்ளியின் மகள். எல்லாத் தாளிலும் தேறி, இந்த ஒரு தாளில் மட்டும் இரண்டு முறை தவறியிருந்தாள். இது கடைசி வாய்ப்பு என்று அவள் அப்பன் சொல்லிவிட்டான். தேறினால் பி.டி. படித்து வாத்தியார் வேலைக்குப் போகலாம். தவறினால் கீழச்சிவல்பட்டியில் அரவை மில் வைத்திருக்கும் மாப்பிள்ளை தயாராக இருந்தான்; முதல் தாரம் செத்து வருஷம் முடியவில்லை, அவளைவிட இருபது வயது மூப்பு.

அந்தக் கைடைச் சந்தேகத்தோடு படித்த ஒரே ஆள் அவள்தான். மாமன் வீட்டுக்கு வந்து பாடநூலைத் திறந்து வைத்தாள். இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்றும் பாடம்.

“மாமா, y-ய முதல்ல எடுத்தா ஒரு எல்லை போடுறாக. x-ஐ முதல்ல எடுத்தா எல்லையே வேறயா இருக்கு. இடம் ஒண்ணுதானே, எதுக்கு மாறுது? கொஞ்சம் படம் போட்டுக் காட்டுறீகளா?”

படம் போட்டால் விளங்கிவிடும். வளைகோடு எங்கே, நேர்கோடு எங்கே, எந்தப் பக்கமிருந்து நுழைகிறோம் என்று தரையில் ஒரு கோடு கிழித்துக் காட்டினால் போதும். அவளுக்கு அந்த அறிவு இருந்தது. காட்டத்தான் ஆள் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கோட்டைச்சாமி பென்சிலை எடுத்தார், கூர் பார்த்தார், கீழே வைத்தார்.

“தெரியாது தாயி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேறு வாத்தியாரைத் தேடிப் போயிருப்பாள். கல்லூரியிலேயே விளங்கச் சொல்லக்கூடியவர் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவர் வாய் திறக்காது.

“இது வருமான்னு கருப்பர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பூசாரி பெரியகருப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

“கை தவறிருச்சு. இன்னொருக்கா எடுங்க” என்றார் கோட்டைச்சாமி.

மறுபடியும் சிவப்பு.

“இன்னொருக்கா.”

பெரியகருப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் வாத்தியாரே கேக்கணும். கருப்பர் என்ன ஒங்க காலேஜ் பையனா, தப்பாச் சொல்லிட்டே, திருப்பிச் சொல்லுன்னு அதட்டுறதுக்கு?”

அதட்டித்தான் கேட்டார். மூன்றாம் முறை வெள்ளை வந்தது. கருப்பருக்குத் தொகையீடு தெரியுமோ தெரியாதோ, இந்த மனிதருக்குத் தெரியாது என்பது தெரிந்து சலித்துப்போயிருக்க வேண்டும். கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே அக்காள் வீட்டுக்குப் போனார்.

“வரிசை மாத்துறது வராது. கருப்பர் உத்தரவு. அதை விட்டுட்டு மத்ததப் படி” என்றார்.

அழகி பாடநூலை மூடி வைத்தாள். மாமன் கைடை நம்பாதவள். கருப்பரை நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை. அந்த ஊரில் பிறந்த யாராலும் முடியாது. இது தெரிந்துதான் அவர் அந்தப் பேரை இழுத்தார். கைடு எழுதிப் பிழைப்பதை மன்னிக்கலாம், இதை எதில் சேர்ப்பது?

சித்திரையில் பரீட்சை வந்தது. வரிசை மாற்றம் வந்தது. அதுவும் விட்டுவிட முடியாத கட்டாயக் கேள்வியாக வந்தது. ரோஸ் அட்டைக்காரர்கள் கும்பல் கும்பலாக மண்டபத்தை விட்டு வெளியேறினார்கள். முடிவு பேப்பரில் வந்த அன்று அழகியின் எண் அதில் இல்லை.

கோட்டைச்சாமி மறுநாள் போனார். போகாமல் இருந்தால் அக்காள் தப்பாக நினைப்பாள் என்பதற்காகப் போனார். வழியெல்லாம் கேள்வித்தாள் எடுத்தவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனார். அழகி அழுது முடித்திருந்தாள். மாமனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வராதுன்னு கருப்பர்தானே சொன்னாரு? நீகளாச் சொல்லலயே?”

“கருப்பர்தான்.”

“ஒரே தடவைதானே கேட்டீக?”

செம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தார். முழுவதையும் நிதானமாகக் குடித்தார்.

“ஒரே தடவைதான். முதப் பூவே வெள்ளை” என்றார்.

அழகி தலையை ஆட்டினாள். அவர்மீது அவளுக்குக் கோபமே வரவில்லை. “அப்ப நான் படிக்கிறதுல சாமிக்கே இஷ்டமில்ல. வேணும்னேதான் வராதுன்னு சொல்லியிருக்கு. அது கையை விரிச்சதுக்கப்புறம் நான் எதுக்கு முட்டிக்கிறணும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கே அப்பனிடம் மில்லுக்காரனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

புரட்டாசிப் பரீட்சைக்கு அவள் பணம் கட்டவில்லை. இன்னொரு தடவை எழுத விடலாம் என்று அப்பனே இறங்கி வந்தபோதும், “சாமி வேண்டாம்னதத் தாண்டக் கூடாதுப்பா” என்று மறுத்துவிட்டாள். கோட்டைச்சாமி அப்போது பக்கத்தில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “பிள்ளை சொல்றதும் சரிதான்” என்றார்.

ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீரில் குறை வைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. தட்டுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. மாலையும் கழுத்துமாக அழகி வந்து அவர் காலில் விழுந்தாள். “நீங்க எனக்காகக் கோயிலுக்கெல்லாம் போனீக மாமா” என்றாள்.

கோட்டைச்சாமி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி, நல்லா இரு என்று ஆசீர்வாதம் பண்ணினார்.