கடலைப் படிப்பித்தவர்

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், இலங்கையின் கற்பிட்டிக் கரையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் உதவி ஆசிரியையாக இருந்தேன். அங்கே தலைமையாசிரியராக வந்தவர் டென்மார்க்குக்குப் போய், அங்குள்ள பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லியான, சற்றுக் கூன் விழுந்த மனிதர். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார்.

“அங்க பிள்ளையள் தங்கட ஊரைத்தான் முதல்ல படிக்கிறாங்க, டீச்சர்” என்பார். அதனால் காலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், காற்றையும் நீரோட்டத்தையும் பாடமாக நடத்தினார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஒருநாள், கறுப்புச் சேலை உடுத்த தாய் ஒருத்தி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். முந்தின வருடம்தான் புருசனைக் கடலில் பறிகொடுத்தவள்.

“சேர், மகன் கடலுக்குப் போகக்கூடாதெண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினன். நீங்களும் கடலையே படிப்பிச்சா நான் என்ன செய்ய? இங்கிலீசு படிப்பிச்சுத் தாங்க. ஒரு கந்தோர்ல கிளாக்கரா கதிரையில இருக்கட்டும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் போனபிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்த நாட்டில எத்தனையோ கேள்வி கேட்டன், டீச்சர். இங்க வந்து இந்த மனுசியிட்ட ஒண்டும் கேக்கேல்ல.”

மறுநாளிலிருந்து ஆங்கில வாசகப் புத்தகத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். மாற்றலாகிப் போகும்வரை கடற்கரைப் பக்கம் போகவேயில்லை.

தாய் கேட்டதும் நியாயம், அவர் ஆசைப்பட்டதும் நியாயம் என்றே இன்றைக்கும் எனக்குப் படுகிறது. இரண்டையும் ஒரே வகுப்பறையில் வைக்க வழி தெரியாமல்தான் அவர் போனார். நானும் அது தெரியாமலே ஓய்வு பெற்றேன்.