ஆண்கள் துருவ வேண்டிய தேங்காய்

நைனா திருத்தணியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். கல்யாணமான முதல் வருஷம் மருந்து வாங்கப் பட்டணத்துக்குப் போனவர், பழைய புத்தகக் கடையில் இரண்டு சமையல் புத்தகங்களைப் பார்த்து ஆசையாக வாங்கி வந்து அம்மாவிடம் நீட்டினார். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. அம்மா நகரிப் பக்கத்துப் பெண். தெலுங்குதான் படித்தவள். நைனாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.

"என் சமையல்ல இன்னா கொறயக் கண்டீங்க?" என்று அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

அதோடு சரி. தடிமனான தமிழ்ப் புத்தகம் பூனை தள்ளாதபடி பால்சட்டி மூடிமேல் பாரமாக உட்கார்ந்தது. மெல்லிசான தெலுங்குப் புத்தகம் அடுப்பு விசிறியாயிற்று. நானும் அக்காவும் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவை அந்த உத்தியோகத்தில்தான் இருந்தன.

பிறகு யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி கேழ்வரகுக் களி. ஒருநாள் அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம அப்பனும் பொண்ணுங்களும் ஆக்குங்க. நான் ஒக்காந்துகினு சாப்புடறேன்."

கோபத்தில் சொன்னதை நைனா உத்தரவாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, நெற்றியில் விபூதி பூசி, பால்சட்டிமேலிருந்த புத்தகத்தைத் தட்டித் துடைத்து அக்காவிடம் கொடுத்தார்.

"நீ படி. நான் கலக்கறேன்."

டாக்டர் சொல்லச் சொல்ல மருந்து கலக்கிப் பழகிய கை அது. புத்தகத்தில் ரசவாங்கி என்று ஒரு பதார்த்தம் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. "ரசம்னா பாதரசமாச்சே" என்று நைனா கொஞ்சம் தயங்கினார். கத்தரிக்காயும் துவரம்பருப்பும்தான் என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. தனியாவும் மிளகும் இத்தனை வராகனெடை என்று போட்டிருந்ததை, மருந்து நிறுக்கிற சின்னத் தராசில் மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தார்.

"அடுத்து?"

அடுத்து தேங்காய். துருவுகிற வேலை எப்போதும் அக்காவுடையது. அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்து நிதானமாகப் படித்தாள்.

"முற்றிய தேங்காய் ஒரு மூடியை வீட்டிலுள்ள ஆண்மகன் தன் கையால் துருவ வேண்டும். பெண்கள் துருவினால் சுவை குன்றும்."

எனக்கு இருமல் வந்துவிட்டது. நைனா தராசைக் கீழே வைத்தார்.

"போட்டிருக்குதா?"

"ஆங், போட்டிருக்குது நைனா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டித் துருவுபலகையில் உட்கார்ந்தார். அச்சில் வந்ததை மீறுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் அக்காவின் முகத்தைப் படிக்க அவளுக்குத் தெரியும். ஆனால் துருவலைப் பிடிக்க ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள். ரசவாங்கி பிரமாதமாக வந்திருந்தது. அம்மா இரண்டாம் முறை போட்டுக்கொண்டதை நைனா கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி மோர் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே தெலுங்குப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஓரமெல்லாம் கருகியிருந்தது. சேனைக்கிழங்கும் பசலைக்கீரையும் சேர்த்து ஒரு கூட்டு. விரலை வைத்து எழுத்துக்கூட்டி, தமிழில் சொன்னாள்.

"சேனைக்கெழங்க ஆம்பளைங்கதான் தோல் சீவணுமாம். அப்பதான் காறாதாம்."

"இதுலயுமா?" என்றார் நைனா.

"பாத்திரமும் அவங்களே வெளக்கிட்டா ரொம்ப விசேஷமாம்."

பாதிக் கிழங்கு சீவுவதற்குள் நைனாவுக்கு முழங்கை வரைக்கும் அரிப்பு. புளித்தண்ணீரில் கையை ஊறப்போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் பாவா வந்தார். பாவா என்றால் நைனாவின் அக்கா புருஷன், எங்களுக்கு மாமா. அம்மையார்குப்பத்தில் சேலைகளை எடுத்து ஆந்திரப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்ததால் முகத்தில் பாதி கறுப்பு.

"இன்னாப்பா இது கோலம்?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது பாவா. ஆம்பளைங்கதான் செய்யணுமாம்."

"எந்தப் புஸ்தகத்துல? இப்டி குடு."

அக்கா என் கையைக் கிள்ளினாள். பாவா தெலுங்கில் கணக்கே எழுதுகிறவர். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா கண் இமைக்காமல் அவரையே பார்த்தாள். பாவா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமாம்பா, போட்டிருக்குது. அதுக்கு அடுத்த வரிய தங்கச்சி உங்கிட்ட சொல்லலியா?"

"இல்லியே."

"வூட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான் மொத பந்தி. நெய்யி மூணு கரண்டி வுடணும்னு போட்டிருக்கான்."

அம்மாவால் மறுக்கவும் முடியவில்லை. பண்டிகைக்கென்று ஒளித்து வைத்திருந்த நெய்ச் சொம்பை எடுத்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று கரண்டி ஊற்றினாள். பாவா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "நல்ல புஸ்தகம்மா. பத்தரமா வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்காயப் பாயசம். பெயரைக் கேட்டே நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். நைனா அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் புத்தகத்தைத் தானே படித்தார். வெங்காயத்தை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, நாற்றம் போகிற வரைக்கும் அதையே செய்தார். பிறகு பாலிலும் வெல்லத்திலும் போட்டு ஏலக்காய் தட்டியதும் வாசனை தெருவரைக்கும் போனது. நாங்கள் டம்ளரோடு போய் நின்றோம். நைனா புத்தகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் இப்பாயசத்தை உண்ணலாகாது. உண்டால் கணக்குப் பாடம் மறந்துபோகும்."

அக்கா புத்தகத்தை எட்டிப் பிடுங்கினாள். "பொய்யி! அப்டியெல்லாம் போடல நைனா!"

"போடலியா?"

"ஒரு வரிகூட இல்ல!"

"அப்ப தேங்காயப் பத்தி எந்தப் பக்கத்துலம்மா போட்டிருக்குது? கொஞ்சம் காட்டு."

அக்கா புத்தகத்தை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நைனா கண்ணாடியைக் கழற்றினார். முதல் வாரம் அக்காவின் குரல் மாறியபோதே சந்தேகம், மறுநாளே புரட்டிப் பார்த்துவிட்டாராம்.

"தெரிஞ்சிகினேவா அடுத்த வாரமும் செஞ்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"நாள் பூரா கசப்பு மருந்து கலக்கறேன். இன்னொரு டோஸ் குடுங்கன்னு அங்க எவன் கேக்கறான்? உங்கம்மா ரெண்டாவது தரம் போட்டுகினாளே."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

"அப்ப சேனைக்கெழங்கும் பொய்யின்னு தெரிஞ்சேதான் சீவினீங்களா?"

நைனா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அதுவுமா பொய்யி?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அவள் சிரிப்பு அடங்கித் திரும்பி வருவதற்குள் நானும் அக்காவும் பாயசத்தில் பாதியைக் காலி செய்திருந்தோம். அதில் வெங்காயம் இருக்கிறதென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று மாலையே நைனா ஒரு சிலேட்டு வாங்கிவந்து, தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொள்ள அம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மாவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் எந்த எழுத்தை எந்த எழுத்தென்று சொல்லிக்கொடுத்தாளோ, பல நாள் ஆகியும் அவரால் ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியவில்லை.