கேட்காமலே எழுதிய பதினெட்டு பதில்கள்

1. வார்டிலிருந்து ஒரு போன்

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் சமூக நலப் பிரிவில் முப்பது வருடம் ஃபீல்டு வொர்க்கராக இருந்தேன். ரிட்டயர் ஆகும் முன் கடைசியாக வந்த வேலை ஒரு சர்வே. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளை உழவர்கரைப் பக்கம் வீடு வீடாகத் தேடிப் போக வேண்டும். குடி, புகை, கஞ்சா, பைக் ரேஸ், சாப்பாடு, மாத்திரை என்று கேட்டு, ஃபார்மில் ஆம், இல்லை எழுத வேண்டும்.

பையன்களிடம் எனக்குக் கூச்சமே கிடையாது. “பீர் மட்டுந்தான் ஆன்ட்டி, அது கணக்குல வராதில்ல?” என்றான் ஒருத்தன். “நல்லா வரும்டா” என்று ‘ஆம்’ போட்டேன்.

பெண்களின் ஃபார்ம் வேறு கதை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வயசுப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? பெயர், வயது, எந்த வகுப்பில் நின்றாள், எங்கே வேலை, அவ்வளவுதான் கேட்போம். மீதிக்கு ஆபீசில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வரிசையாக ‘இல்லை’ போட்டுவிடுவோம். நான் மட்டுமல்ல, எங்கள் டீமே அப்படித்தான். அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டோம்.

ஒரு மதியம் வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். “மேடம், உங்க சர்வே பொண்ணு ஒண்ணு ரத்த வாந்தியோட அட்மிட் ஆயிருக்கு. கீர்த்தனா, பதினாறு வயசு.”

ஃபார்மை எடுத்தேன். ஒன்பதாவதோடு நின்றவள். சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை. கீழே என் கையெழுத்தில் பதினெட்டு ‘இல்லை’.

2. தலையணைக்கு அடியில்

எண்டோஸ்கோபியில் வயிற்றில் புண் தெரிந்தது. மருந்து கொடுத்ததும் ரத்தம் நின்றது. மறுநாள் காலை திரும்ப ரத்த வாந்தி வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது டியூட்டி டாக்டர், அவள் அம்மா முன்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏதாவது மாத்திரை போட்டியாம்மா?”

ஹோட்டலில் பாத்திரம் கழுவும் அந்த அம்மா பாய்ந்துவிட்டாள். “இன்னா சார் கேக்கறீங்க? எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல!”

கல்யாணமாகாத பெண்ணிடம் டாக்டர் இப்படி விசாரித்தால், கருவைக் கலைத்தாளோ என்று சந்தேகப்படுகிறார் என்றுதான் பெற்றவள் நினைப்பாள். கீர்த்தனா சுவரைப் பார்த்துக்கொண்டு, “இல்ல சார்” என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “உங்க ஃபார்ம்ல என்ன இருக்கு?”

“ஃபார்ம நம்பாதீங்க சார், பத்து நிமிஷம் குடுங்க” என்றேன். அவர் நகர்ந்ததும் அம்மாவை டீ குடித்து வர அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“கீர்த்தனா, உன் ஃபார்ம்ல நான் பொய் எழுதியிருக்கேன். உன்ன ஒரு வார்த்தை கேக்காம எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுட்டேன்.”

அவள் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். “ஏன்க்கா கேக்கல?”

“நல்ல பொண்ணாச்சேன்னு.”

“நல்ல பொண்ணுன்னா வலிக்காதா?”

முப்பது வருடத்தில் எந்த அதிகாரியும் என்னை இப்படி அடித்ததில்லை. அவள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வலி மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதி காலி.

“நாள் பூரா நின்னுக்கினே பேக் பண்ணணும்க்கா. இடுப்பு வுட்டுப்போவும். லைன்ல எல்லாருந்தான் போடறோம். நான் ஒரு நாளைக்கு அஞ்சாறு போடுவேன். சாப்ட்டா பாத்ரூம் வரும், சூப்பர்வைசர் கத்துவாரு, அதனால மத்தியானம் சாப்பிடறதில்ல. இன்னிக்கு பீரியட்ஸ் வேற வந்துடுச்சி. காலையில ரெண்டு போட்டேன்.”

வெறும் வயிற்றில், புண்ணின் மேல், வார்டுக்குள்ளேயே! அட்டையை டாக்டர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நிறுத்திவிட்டு வலிக்கு வேறு மருந்து எழுதினார். அதன் பிறகு அவளுக்கு ரத்தம் வரவில்லை.

3. போன தெருவுக்கே திரும்ப

நேராக மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “ரிப்போர்ட் அனுப்பியாச்சேம்மா. ரிட்டயர் ஆவற நேரத்துல எதுக்கு வம்பு?” என்றார்.

“இப்பதானே சார் தைரியமா வம்பு பண்ண முடியும்?”

திட்டினார். ஆனால் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கினார். டீமில் இருந்த எல்லோரும் பெண்களின் ஃபார்ம்களைப் புதிதாக எடுத்துக்கொண்டு கிளம்பினோம். இந்த முறை அம்மாக்களை வெளியே அனுப்பினோம், இல்லாவிட்டால் பெண்ணோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். நான் போன மூன்றாவது வீட்டிலேயே ஒரு பெண் சாப்பாட்டுப் பையைத் திறந்து அதே மாதிரி மாத்திரை அட்டையைக் காட்டினாள். சோப்பு கம்பெனிக்கு மூன்று தடவை போய்ச் சண்டை போட்டேன். பேக்கிங் லைனுக்கு ஸ்டூல் வந்தது, பாத்ரூம் போகத் தடை நீங்கியது. என் வேலையில் நான் மார்தட்டிக்கொள்வது இதற்குத்தான், தட்டிக்கொள்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பையன் கெட்டவன், பெண் நல்லவள் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுப் படியேறாதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அது உங்கள் கூச்சம். அதற்கு அந்தப் பிள்ளை உயிரைக் கொடுக்க முடியாது.

கீர்த்தனா டிஸ்சார்ஜ் ஆன அன்று அவள் அம்மா மகளைப் பிடித்து உலுக்கினாள். “ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“உன் பர்சுலேர்ந்துதாம்மா மொதல்ல எடுத்தேன்” என்றாள் கீர்த்தனா. “நீயும் தெனம் போடறியே.”

வயதில் பெரியவர்களுக்கு எங்கள் சர்வேயில் ஃபார்ம் கிடையாது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஓபி சீட்டு வரிசையில் நிறுத்தி, முறை வரும்வரை நானும் கூடவே நின்றேன்.