மேட்டில் மூச்சடைக்கும் வண்டி

"வாயால சொல்லுங்க. வண்டி எப்படிக் கத்துது?"

காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் வங்கி மேலாளரோ வக்கீலோ, மெக்கானிக் அக்காவின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு 'கட்கட்' என்றோ 'ஊய்ய்ங்' என்றோ சத்தம் எழுப்புவார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கண்ணை மூடிக் கேட்பாள். "கடைசியில விக்கல் மாதிரி ஒண்ணு வருமா?" என்று குறுக்கு விசாரணை வேறு.

நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. முழங்கை வரை மடித்துவிட்ட ஆண்கள் சட்டை. கோளாறு எதுவானாலும் அவளுக்கு அது 'அவன்'. "அவன் இங்கதான் எங்கயோ பதுங்கியிருக்கான்" என்றபடி இடுப்புவரை பானெட்டுக்குள் இறங்கிவிடுவாள். சோறு ஆறிப்போகும். பக்கத்திலேயே டயர் கடை வைத்திருக்கும் கணவர் அவளுக்கு வைத்த பெயர் விடாக்கண்டி.

அந்த விடாக்கண்டிக்கே தண்ணி காட்டியது நர்ஸம்மாவின் கார்.

மலை மேலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு, வலி எடுத்த பெண்களைத் தன் சொந்தக் காரிலேயே ஏற்றிப் போகிறவர் நர்ஸம்மா. சமதரையில் கார் சிட்டாகப் பறக்கும். மேட்டில் கொஞ்ச தூரம் ஏறியதும் இழுவை செத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் திணறும். இன்ஜினை அணைத்துச் சற்று ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஏறும். அக்கா பிளக்கை மாற்றினாள். பெட்ரோல் பம்ப்பை மாற்றினாள். "சரியாப் போச்சு" என்று ஒவ்வொரு முறையும் நம்பித்தான் அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது. ஷெட்டுக்குள் மட்டும் பரம சாது.

கடைசியாக வந்தபோது நர்ஸம்மாவின் குரலில் கோபம்கூட இல்லை.

"நேத்து பின்சீட்ல ஒரு பொண்ணு வலியில துடிக்குது. பெரிய வளைவுல வண்டி நின்னுபோச்சு. நல்லவேளை, எப்படியோ போய்ச் சேர்ந்தோம். உங்களைக் குத்தம் சொல்லலக்கா. இனிமே இத நம்பி யாரையும் ஏத்த மாட்டேன்."

டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "திருப்பிக் குடுத்துடு. வேற எங்கயாவது காட்டட்டும்."

"குடுத்துடலாங்க. அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு."

சொல்லிவிட்டு நின்றவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இதுவரை இந்தக் காரின் பானெட்டைத் திறந்தபோதெல்லாம் அது இளைப்பாறி முடித்திருந்தது. திணறும்போது யாருமே உள்ளே பார்க்கவில்லை.

"ஏறுங்க நர்ஸம்மா, நீங்கதான் ஓட்டணும். திணறினதும் ஓரங்கட்டுங்க. ஆனா இன்ஜினை மட்டும் அணைச்சிடாதீங்க."

பெரிய வளைவு வந்தது; இழுவை போனது. கார் நிற்பதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். கைபொறுக்காத சூட்டில் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, "மிதிங்க" என்றாள். இன்ஜின் உறுமியது. அதற்குக் காற்று கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாய், பல்லில்லாத கிழவியின் கன்னம் போல உள்ளே ஒட்டிக்கொண்டது.

"காலை எடுங்க." குழாய் உப்பியது. "மிதிங்க." மறுபடி ஒட்டியது.

"மாட்டிக்கிட்டான்" என்றாள் மெதுவாக. பிறகு ஓடிப்போய் நர்ஸம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வந்து பாருங்க. நான் மிதிக்கிறேன், நீங்க பாருங்க."

நர்ஸம்மா குனிந்து பார்த்தார். "அடக் கடவுளே, இதுக்கு மூச்சுல்ல அடைக்குது."

"அதேதான். பழைய ரப்பர். சூடேறினா தொளதொளன்னு ஆயிடுது, இழுக்கிற இழுப்புல தன் கழுத்தைத் தானே நெரிச்சுக்குது. ஆறினா விறைச்சுக்கிட்டு நல்ல பிள்ளை வேஷம்." சொல்லச் சொல்ல அவளுக்கு நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை.

புதுக் குழாய் மாட்டிய கையோடு இருவரும் மறுபடி மலையேறினார்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும் என்று அதே சாலையில் ஏறி இறங்கி ஏறினார்கள். இழுவை குறையவில்லை. பெரிய வளைவின் செங்குத்தான இடத்தில் நிறுத்தச் சொல்லி அக்கா இறங்கிக்கொண்டாள்.

"ஏன்க்கா?" நர்ஸம்மாவின் முகம் வெளிறியது.

"நான் பக்கத்துல உக்காந்திருந்தா உங்க பயம் போகாது. ஆஸ்பத்திரி வரைக்கும் தனியாப் போயிட்டு வாங்க."

கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு கிளம்பி, வளைவில் திரும்பி, கண்ணிலிருந்து மறைந்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றாள். சத்தம் எங்கும் அறுபடாமல் உச்சிவரை ஏறி, அப்புறம் தேய்ந்துபோனது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. கிரீஸ் படிந்த இரண்டு விரல்களைச் சட்டையில் அழுந்தத் துடைத்து வாய்க்குள் வைத்து, நாக்கை மடித்து, மலையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு விசில் அடித்தாள்.